டோக்கியோ ஆசிரியருக்கு ஒரு கேண்டீனின் தீர்மானம்

கும்மிடிப்பூண்டி,
பொன்னேரி தாலுகா,
செங்கல்பட்டு ஜில்லா.
12 மார்ச் 1979, திங்கள்.

டோக்கியோ நகரில் பத்திரிகை நடத்திவரும் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டு வேளையில் எங்கள் தொழிற்சாலைக் கேண்டீனில் கூடிய கூட்டத்தில், தங்கள் மேலான பத்திரிகையை இனியும் இடப்பக்கத்திலிருந்தே படிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வலப்பக்கத்திலிருந்து படிப்பதே முறை என்பதை அறிந்த பிறகும், அதை அறிவித்த ஜப்பானியரின் முன்னிலையிலும், அவருடைய ஓட்டையும் சேர்த்தே இந்த முடிவு எடுக்கப்பட்டது. இதனால் தங்கள் நாட்டுக்கும் எங்கள் நாட்டுக்கும் உள்ள நல்லுறவு எந்த விதத்திலும் கெடாது என்று நம்புகிறோம். தங்கள் நலத்தையும், தங்கள் அச்சகத்தாரின் நலத்தையும், படங்களை வரைந்த அம்மையாரின் வலக்கை நலத்தையும் தனித்தனியே விசாரித்ததாகக் கொள்ளவும்.

தங்களுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்களுக்கும் ஜப்பானிய மொழி தெரியாது; ஆனாலும் தங்கள் பத்திரிகையை ஐந்து மாதமாகப் படித்துவருகிறோம். இக்கடிதத்தையும் தாங்கள் அவ்வாறே படிக்கலாம். உறையின் மேல் இருப்பது தங்கள் கடைசிப் பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்தில் இருந்ததைப் பார்த்து நான் வரைந்தது. அது தங்கள் முகவரியாக இல்லாமல் ஏதேனும் தலைவலித் தைலத்தின் விளம்பரமாக இருந்தால், தைலக் கம்பெனியார் பெரிய மனது பண்ணி இதைத் தங்களிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

என் பெயர் தேசப்பன். இங்கே போல்ட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். போன ஐப்பசியில் தங்கள் நாட்டிலிருந்து எங்களுக்கு ஒரு மெஷின் வந்தது. மரப்பெட்டியைப் பிரித்தபோது, பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இடுக்குகளில் பழைய பத்திரிகைகளைக் கசக்கித் திணித்திருந்தார்கள். எங்கள் ஊரில் இதற்கு வைக்கோல் வைப்பார்கள். வைக்கோலை யாரும் படிப்பதில்லை. கசங்கிய தாள்களுக்கு அடியில் நோட்டுப் புத்தகக் கனத்தில் தங்கள் இதழ் ஒன்று மட்டும் முழுசாக, அட்டையோடு, மோட்டாருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியோடு வந்த எந்தப் பொருளும் ஸ்டோரை விட்டு என் கண்காணிப்பில்லாமல் வெளியே போகக் கூடாது என்பது விதி. ஆகவே பாக்கிங் பிரிவில் வேலை செய்யும் கன்னியம்மாவும் விக்டோரியாவும் அதைச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, விதியை மீறாமல், பொருளோடு நானும் கேண்டீனுக்குப் போனேன். நான் படக்கதை படிக்கிறவன் அல்ல. பொன்னேரி நூலகத்தில் கனமான புத்தகங்களாகப் பார்த்து எடுத்து, அவற்றைத் திருப்பிக் கொடுக்கிறவன். அன்று கேண்டீனில் உட்கார்ந்தது முழுக்க முழுக்க உத்தியோக முறையில்தான்.

எழுத்து புரியாததால் படம் பார்த்துப் பேசுவது என்று முடிவாயிற்று. அதற்கு முன்பே ஒரு தகராறு. இதழ் முழுக்க ஒரே கதை. அதில் இரண்டு பேர். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். ஒருவனுக்கு மை தீட்டாத வெள்ளைமுடி, வயலின் வாசிக்கிறான். இன்னொருவனுக்குக் கறுப்புமுடி, பியானோ வாசிக்கிறான். இருவரும் நம் ஹைகோர்ட்டைப் போன்ற ஒரு கட்டடத்தில் சங்கீதம் படிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் எங்கிருந்தோ ரோஜாப் பூக்கள் வந்து சுற்றி நிற்கின்றன. வெள்ளைமுடிக்குக் கண்ணிமை நீளமாக இருந்ததால் கன்னியம்மா அவனைப் பெண் என்றாள்.

"ஐயே, ரெண்டும் ஆம்பளதான். பேண்ட்டப் பாரு" என்றாள் விக்டோரியா.

"பேண்ட்டு போட்டா ஆம்பளயா? மெட்ராஸாண்ட போய்ப் பாரு, பொம்பளங்கதான் பேண்ட்டு போட்டுக்கினு கீதுங்க."

இந்த விவாதம் இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் விக்டோரியா பின்னால் தள்ளிப் புரட்டி, இருவரும் ஆற்றில் குளிக்கும் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தாள். மேல்சட்டை இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லை. சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்த கோவிந்தம்மாதான், அதாவது கேண்டீனை நடத்துகிறவள், எல்லோருக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் ஒர்த்தன் மேல ஒர்த்தனுக்கு உசுரு. அவ்ளதான? இதுல இன்னா பேஜாரு? மொதல்ல இருந்து படிங்கடி. ஆனா ஒரு நாளிக்கி ஒரு பக்கந்தான். ஒரேடியா முடிச்சிட்டு அப்பால இன்னாத்த பண்றது?"

ஐயா, நான் நம் தமிழ் மாத இதழ்களில் காதல் கதைகள் ஏராளமாகப் படித்திருக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் பெண்ணின் தகப்பனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்வார். அதற்குப் பிறகு கதை அவருடைய நெஞ்சைப் பற்றியதாகிவிடும். தங்கள் கதையில் தகப்பனாரே இல்லை. சீர்வரிசை இல்லை, ஜாதகம் இல்லை, கொல்லைப்புறத்துக் கிணறு இல்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் நினைத்துக்கொண்டிருப்பதைத் தவிர அதில் வேறு வேலையே நடக்கவில்லை. இதற்காக முதல் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். மறுநாளிலிருந்து நான் கேண்டீனுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே போகத் தொடங்கினேன். பொருளின் பாதுகாப்பு கருதி.

நாங்கள் 'முதல்' என்று நினைத்தது இடப்பக்க அட்டையை. அதைத் திறந்தால் கல்லறைத் தோட்டம். வெள்ளையாக ஏதோ கொட்டுகிறது. எங்களில் யாரும் பனி பார்த்ததில்லை. "பஞ்சு மில்லாண்ட கீது சுடுகாடு" என்று கன்னியம்மா விளக்கினாள். ஒரு சமாதியின் மேல் ஒற்றை ரோஜா கிடக்கிறது. அடுத்த கட்டத்தில் அந்த ரோஜா கறுப்புமுடியின் கையில் இருக்கிறது. "பூவ எடுத்துக்கினான் பாரு. நீ படுத்தது போதும், எழுந்து வாடான்றான்" என்றாள். அடுத்தடுத்த நாள்களில் அப்படியே நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூடியிருந்த கண்கள் திறந்தன. கைக்குட்டையில் இருந்த ரத்தக்கறை இருமலுக்குப் பின் காணாமல் போயிற்று. காற்றில் பறந்த காகிதத் துண்டுகள் ஒன்று சேர்ந்து முழுக் கடிதமாயின. செத்தவர் எழுந்து வருவது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. கோவிந்தம்மா கூத்தில் பார்த்திருக்கிறாள், விக்டோரியா சர்ச்சில் கேட்டிருக்கிறாள். ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை. நான் மட்டும் ஒருமுறை, மழையில் நனைந்தவன் அடுத்த கட்டத்தில் உலர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினேன். "உனுக்கு எல்லாத்துலயும் ஸ்டாக்கு சரியா இருக்கணும், ஸ்டோரு நைனா" என்று கோவிந்தம்மா என் வாயை அடைத்தாள்.

படங்களுக்குப் பேச்சுக் கொடுத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைமுடிக்கு விக்டோரியா. அவளுக்குத் தெரிந்த உயர்ந்த தமிழ் சர்ச் தமிழ்தான். "அன்பரே, என் பெலன் குன்றிப்போயிற்று, நீர் என்னைவிட்டு அகலாதிரும்" என்று அவள் உருகுவாள். கறுப்புமுடிக்குக் கன்னியம்மா. "டேய், இன்னாடா இப்டி படுத்துக்கினு கீற, எழுந்து கஞ்சி குட்ச்சிட்டுப் படுடா" என்பாள். பியானோ வாசிக்கிறவன் இப்படிப் பேசுவானா என்று முதலில் எனக்கு உறுத்தியது. ஒரு வாரத்தில் அவன் வேறு எப்படியும் பேச முடியாது என்று ஆகிவிட்டது.

இனிமேல்தான் ஆசிரியர் அவர்கள் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் ஆதிகேசவன் என்று ஒரு ஃபிட்டர், சாலமோன் என்று ஒரு எலக்ட்ரீஷியன். ஆதிகேசவன் பழவேற்காட்டு ஏரிப்பக்கத்து மீன்பிடிக் குடும்பம். சாலமோனின் அப்பா அம்மா கவரைப்பேட்டைப் பக்கம் கழனி வேலைக்குப் போனவர்கள். இரண்டு பேரும் மூன்று வருடமாகக் கோவிந்தம்மாவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் குடியிருந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே சைக்கிள். சாலமோன் மிதிப்பான், ஆதிகேசவன் பின்னால் இரண்டு டிபன் பாக்ஸையும் பிடித்துக்கொண்டு வருவான். ஒருவனுக்கு நைட் ஷிப்ட் போட்டால் மற்றவன் வந்து தனக்கும் அதையே போடச் சொல்வான். சூப்பர்வைசரும் போட்டுவிடுவார். இதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்ல ஏதும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பெட்டி வந்து இறங்கிய அதே மழையில் சாலமோன் இரும ஆரம்பித்தான். ஒரு நாள் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் நின்று இருமியபோது துணியில் ரத்தம் தெரிந்தது. டி.பி. என்றார்கள். தாம்பரத்துப் பக்கம் அதற்கென்று இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆதிகேசவன்தான் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

கோவிந்தம்மா கெட்டவள் அல்ல, பயந்தவள். அவளுக்குச் சின்னச் சின்னதாக மூன்று பேரப்பிள்ளைகள். அறையை ஃபினாயில் ஊற்றிக் கழுவினாள். சாலமோனின் தட்டையும் டம்ளரையும் தூக்கி எறிந்தாள். ஆதிகேசவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"தோ பாரு ஆதி, அவன் நல்லா ஆவட்டும், நான் வாணான்னு சொல்லல. ஆனா இந்த ஊட்டுக்கு வர வாணாம். எனக்கும் புள்ளிங்க கீது. கட்டிலு காலியா கீதே, வேற எவனயாவது சேத்துக்கோ."

ஆதிகேசவன் "சரிக்கா" என்றான். யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. தட்டு, டம்ளர் இரண்டையும் குப்பையிலிருந்து எடுத்துக் கழுவித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான் என்பது பிறகு தெரிந்தது.

இவன் கேண்டீனில் எங்களோடு உட்காருகிறவன் அல்ல. குழாயடியில் நின்று டிபன் பாக்ஸைக் கழுவுவான். நாங்கள் ஆஸ்பத்திரிப் பக்கங்களுக்கு வந்த வாரத்தில் அந்தக் கழுவல் நீண்டுகொண்டே போயிற்று. புதிய பாத்திரம்கூட அவ்வளவு பளபளப்பாக இராது. ஒரு நாள் கன்னியம்மா இதழை மூடியதும் குழாயடியிலிருந்து குரல் வந்தது.

"யக்கா, அந்த இருமறவன் எழுந்துக்கினானா?"

"இன்னும் இல்லடா. கண்ணத் தொறந்துட்டான்."

"தொறந்துட்டானா, மெய்யாலுமா?"

"தோ, வந்து பாரு. இம்மாம் பெரிய கண்ணு. உள்ள நட்சத்திரம்லாம் கீது."

அன்றிலிருந்து அவனும் வந்து உட்கார்ந்தான். ஞாயிறுதோறும் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்துப் போவான். போய் அந்த வாரத்துப் பக்கங்களைச் சாலமோனுக்குச் சொல்வான். திங்கட்கிழமை அங்கிருந்து கேள்விகளோடு வருவான். வார்டு முழுவதும் கதை கேட்பதாகத் தெரிந்தது. எதிர்க்கட்டில் பெரியவர், பியானோக்காரனுக்கு எங்கேயாவது வேலை கிடைத்ததா என்று விசாரித்தார். நர்ஸம்மா, ரோஜா வந்தால் உடனே தனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்றாராம். வெள்ளைமுடி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்த வாரத்தில் சாலமோனும் உட்கார்ந்தான். வெள்ளைமுடி ஜன்னலோரம் போய் நின்ற வாரத்தில் சாலமோன் வராந்தாவரை நடந்தான். இதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. அரசாங்கம் ஊசியும் போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கேண்டீனில் தொடர்பு இருப்பதாகவே எண்ணினார்கள். தை மாதத்தில் ஒரு பக்கத்தில் வெள்ளைமுடிக்குக் கிண்ணத்தில் ஏதோ கொடுக்கிறார்கள். அதைப் பார்த்த கோவிந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாலையே ஊத்திக்கினு கீறானுங்க! ஒரு முட்ட குடுத்தானா எவனாவது? தேறுவானா இப்டி?"

அந்தச் சனிக்கிழமை அவள் முட்டைகளை வேகவைத்துத் துணியில் முடிந்து ஆதிகேசவனிடம் கொடுத்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கொடுத்தாள். ஆனால் அறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆதிகேசவனும் கேட்கவில்லை. சாலமோன் தேறி எங்கே வருவான் என்பது மட்டும் யாரும் புரட்டாத பக்கமாக இருந்துவந்தது.

நிற்க. மெஷினுக்குப் பீடம் கட்டி, கரண்ட் இழுத்து, அதை ஓட்டிக் காட்ட இன்ஜினியர் வருவதற்குள் மார்ச் மாதம் ஆகிவிட்டது. தங்கள் நாட்டவரான திரு. மொரிதா மிக நல்ல மனிதர். தயிர்சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டாலும் மிச்சம் வைக்க மாட்டார். போன புதன்கிழமை அவர் எங்கள் மேசைக்கு வந்து, விக்டோரியாவின் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு "மை சிஸ்டர்! மை சிஸ்டர்!" என்று கூவினார். விக்டோரியா பயந்துபோனாள். தன் தங்கை இதைத்தான் படிப்பாள் என்பது அதற்கு அர்த்தம் என்று பிறகு புரிந்தது. வரைந்தவர் ஒரு பெண்மணி, வெளியிடுவது டோக்கியோவில் என்ற விவரங்களும் அப்போதுதான் தெரிந்தன. ஐந்து மாதத்து உழைப்பில் முடிவதற்கு மூன்றே பக்கம் பாக்கி இருந்தது. விக்டோரியா பக்கத்தைத் திருப்பினாள். அதைப் பார்த்து மொரிதா சிரித்தார் பாருங்கள், ரசம் மூக்கில் ஏறி, கோவிந்தம்மா தலையில் தட்டி, தண்ணீர் கொடுக்கும்படி ஆயிற்று. மூச்சு வந்ததும் அவர் இதழை வாங்கி மறுபக்கமாகத் திருப்பி வைத்தார்.

"ஐயே, தலகீழா புடிக்கிறாரு" என்றாள் கன்னியம்மா.

அவர் எங்கள் கடைசிப் பக்கத்தைத் தொட்டு "ஸ்டார்ட்" என்றார். பக்கங்களை மளமளவென்று தள்ளி, பஞ்சு மில் சுடுகாட்டைத் தொட்டு "ஃபினிஷ்" என்றார். எங்களுக்கு உடனே ஏறவில்லை. அவர் கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். வெள்ளைமுடியைச் சுட்டினார். மறுபடியும் கண்ணை மூடினார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து, தான் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம் என்று தெரிந்து, எழுந்து நின்று இடுப்பு வரை குனிந்து வணங்கினார். குழாயடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவ எழுந்து போயிருந்த ஆதிகேசவன் குழாயை மூடினான். டிபன் பாக்ஸை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை இதழ் திறக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம் கூடியது. ஆதிகேசவன் வரவில்லை. பொருள் என் பொறுப்பில் இருந்ததால் நான் தலைமை வகித்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வார்டில் போய் என்ன சொல்வான் என்பதே கேள்வி. வேறு கேள்வி கிடையாது.

"இன்னா சொல்றது? எழுந்து நின்னவன மறுபடி படுக்க வெக்கவா? நம்ப எந்தப் பக்கத்துல இருந்து படிச்சமோ அதான் கத" என்றாள் கன்னியம்மா.

விக்டோரியாவுக்கு மனசு கேட்கவில்லை. "தெரியாம படிச்சது வேற. தெரிஞ்சப்பறம் மாத்திச் சொன்னா அது பொய்யி. சாவக் கெடக்கறவனாண்ட போய்ப் பொய்யி சொல்றதா?"

"எவன்டி சாவக் கெடக்கறவன்?" என்று கோவிந்தம்மா கரண்டியைத் தூக்கினாள். "வராண்டா வரிக்கும் நடக்கறான்! போன வாரம் மூணு முட்ட துன்னுக்கிறான்! நான் கேக்கறேன், உங்க சாமியே செத்து எழுந்தவருதான? எழுந்தது பொய்யின்றியா?"

"அத்த எப்டி யக்கா நான் பொய்யின்னு சொல்லுவேன்?"

"அப்ப கையத் தூக்கு."

விக்டோரியா கையைத் தூக்கினாள். கன்னியம்மா முன்பே தூக்கியிருந்தாள். பக்கத்து மேசைகளில், கதை கேட்காதவர்கள்போல் ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த லேத் பிரிவு ஆண்களும் தூக்கினார்கள். மொரிதாவுக்கு நான் இடப்பக்கத்தைக் காட்டிக் கேள்விக்குறியாகப் பார்த்தேன். அந்த இடத்தில் ஜப்பானிய மொழி அறிந்த ஒரே மனிதர் அவர். அவர் இரண்டு கையையும் தூக்கினார். தீர்மானம் நிறைவேறிற்று. மறுநாள் அவர் விமானம் ஏறிவிட்டார். போகுமுன் அவரிடம் தங்கள் முகவரியைக் கேட்டு வாங்கியிருக்கலாம் என்பது, முகவரியை நான் பாதி வரைந்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை ஆதிகேசவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விதியைத் தளர்த்தி, பாக்கி இருந்த பக்கங்களை ஒரே மூச்சில் படித்தோம். கடைசிப் பக்கம் ஒரு ரயில்வே பிளாட்பாரம். புகை. வெள்ளைமுடி வயலின் பெட்டியோடு இறங்குகிறான். கறுப்புமுடி திரும்பிப் பார்க்கிறான். இரண்டு பேரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பக்கம் பூராவும் ரோஜா. அந்தப் பக்கத்துக்கு விக்டோரியாவும் கன்னியம்மாவும் பேச்சே கொடுக்கவில்லை. கோவிந்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத்தப் போயி சொல்லு ஆதி. இத்த மட்டும் சொல்லு" என்றாள். ஆதிகேசவன் தலையை ஆட்டினான்.

நேற்று ஞாயிறு. போய்ச் சொன்னானாம். சாலமோன் கேட்டுவிட்டுச் சிரித்தானாம். இன்று காலை அவன் இதைச் சொன்னபோது பாக்கிங் பிரிவில் கொஞ்ச நேரம் வேலை நின்றது. இதுவே எங்கள் தீர்மானத்தின் பலன்.

ஆசிரியர் அவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். தாங்கள் எங்களுக்காக இதை அச்சிடவில்லை என்பது தெரியும். மோட்டாருக்கு முட்டுக் கொடுக்கக்கூட அச்சிடவில்லை என்பதும் தெரியும். தங்கள் ஊர்ப் பெண்கள் படுக்கையில் சாய்ந்து படித்து அழுவதற்காக அந்த அம்மையார் வரைந்ததை, நாங்கள் சோற்றுக் கையோடு, தப்பான பக்கத்திலிருந்து, எங்களுக்கு வேண்டிய கதையாகப் படித்துக்கொண்டோம். அதற்கும் அந்தப் படங்கள் இடம் கொடுத்தன. எத்தனையோ நல்ல புத்தகங்களைச் சரியான பக்கத்திலிருந்து படித்திருக்கிறேன். அவற்றால் யாரும் வராந்தாவரை நடந்ததாக எனக்குத் தெரியாது.

ஒரு வேண்டுகோள். எங்கள் கணக்குப்படி அந்த இருவரும் இப்போதுதான் சந்தித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேண்டீனில் தினமும் கேட்கிறார்கள். கதைக்கு மேற்கொண்டு பக்கங்கள் இருந்தால் எந்த மெஷினோடாவது சேர்த்து அனுப்பினால் போதும். மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தங்கள் அச்சகத்தில் மையும், தங்கள் ஓவியர் அம்மையாரின் பேனாவில் ரோஜாவும் என்றென்றும் வற்றாதிருக்க வேண்டும். திரு. மொரிதாவின் தங்கைக்குக் கன்னியம்மாவும் விக்டோரியாவும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். கோவிந்தம்மா, தாங்கள் இந்தப் பக்கம் வந்தால் சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லச் சொன்னாள்.

தங்கள் உண்மையுள்ள,
தேசப்பன்,
ஸ்டோர் கீப்பர்.

பின்குறிப்பு (28 ஏப்ரல்): மேலே கண்டதைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். டோக்கியோவுக்கு என்ன ஸ்டாம்பு ஒட்டுவது என்று எங்கள் தபால் ஆபீஸார் பொன்னேரியைக் கேட்க, பொன்னேரியார் மதராஸைக் கேட்க, இக்கடிதம் என் மேசையிலேயே தங்கிவிட்டது. இதற்கிடையில் சாலமோனின் சளியில் கிருமி இல்லை என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள். மாத்திரையை மட்டும் தொடர வேண்டும். திங்கட்கிழமை அவன் கேண்டீனுக்கு வந்தான். நாங்கள் இதழை மரியாதையோடு இடப்பக்கம் திறந்து நீட்டினோம். அவன் வாங்கி, புரட்டி, வலப்பக்கம் திறந்துகொண்டான். விசாரித்ததில், எங்கள் தீர்மானத்துக்கு அடுத்த ஞாயிறே ஆதிகேசவன் இரண்டு விதத்தையும் அவனிடம் சொல்லிவிட்டது தெரியவந்தது.

"எங்களாண்ட அப்டித் தலய ஆட்டிட்டுப் போனியேடா?" என்று கோவிந்தம்மா அவன் மேல் பாய்ந்தாள்.

"அவனாண்ட பொய்யி சொல்லிப் பழக்கமில்லக்கா" என்றான் ஆதிகேசவன்.

அன்றைக்கு வார்டில் நடந்ததைச் சாலமோனே சொன்னான். அவன் கேட்டது ஒன்றுதானாம்: "அப்ப கடசீல அழுவறது கறுப்புமுடியா?" "ஆமா." "நல்லா அழுதானா?" "நாலு பக்கம் அழுதான்." "அப்ப சரி" என்று சிரித்துவிட்டு முட்டையை உரித்துச் சாப்பிட்டானாம்.

இடப்பக்கத் தீர்மானம் ரத்து செய்யப்பட்டது. செவ்வாய்க்கிழமை முதல் வலப்பக்கத்திலிருந்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கமாகப் படித்துவருகிறோம். அந்த நாலு பக்கத்துக்கு எப்படி அழுவது என்று கன்னியம்மா இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள். வெள்ளைமுடி இறந்துவிடுவதால் மேற்படி கேட்ட மீதிப் பக்கங்கள் தேவையில்லை. வேறு இருவரைப் பற்றி ஏதும் இருந்தால் அனுப்பவும்.

கோவிந்தம்மா தன் வீட்டு மாடியில் அவர்கள் இருவருக்கும் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறாள். காற்று நன்றாக வருகிறது. கட்டில் ஒன்றுதான் கொள்ளும்.